சினாடு செல்லும் ஆயர்: சேலம், நாமக்கல் சமவெளி வகை குறித்த ஓர் ஆய்வு

வரையறையும் எல்லையும்

சினாடு என்பது தென்னிந்தியத் திருச்சபையின் உச்ச அவை. தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா ஆகிய மாநிலங்களிலும் கடல் தாண்டி யாழ்ப்பாணத்திலுமாக 24 திருமண்டலங்கள் இத்திருச்சபைக்கு உண்டு. அவற்றின் பேராயர்களும், திருமண்டலப் பெருமன்றங்கள் தேர்ந்தெடுத்து அனுப்பும் ஆயர்களும் சபையாரும் சினாடில் கூடுவார்கள். முன்பு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கூடியது. இப்போது மூன்று ஆண்டுக்கு ஒருமுறை. பிரதமப் பேராயர் முதலான பொறுப்பாளர்களைத் தேர்ந்தெடுப்பதும், அறிக்கைகளை ஏற்பதும், சட்டதிட்டங்களைத் திருத்துவதும் அதன் அலுவல்கள். இவற்றைப் பற்றித் தடித்த புத்தகங்கள் இருக்கின்றன. சினாடுக்குப் போகும் ஆயர் அங்கே எந்த வரிசையில் உட்காருகிறார், எதைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார், எதைத் தூக்கிக்கொண்டு ஊர் திரும்புகிறார் என்பவற்றுக்கு அந்தப் புத்தகங்களில் இடம் கிடைக்கவில்லை. குறை அங்கே இருப்பதால் ஆய்வும் அங்கிருந்தே தொடங்குகிறது.

எடுத்துக்கொண்ட வகை, சேலம், நாமக்கல் சமவெளியில் ஊழியம் செய்யும் ஆயர். இப்பகுதியின் எல்லா ஆயர்களும் இதில் அடங்க மாட்டார்கள். சேந்தமங்கலத்தையும் கொல்லிமலையையும் சுற்றியுள்ள பாப்திஸ்து சபைகள் ஸ்டிரிக்ட் பாப்திஸ்து மிஷன் வழி வந்தவை. கொல்லிமலையில் உழைத்து 1929-இல் அங்கேயே இறந்த ஜெஸ்ஸி பிராண்ட் அந்த மிஷனைச் சேர்ந்தவர். தொழுநோயாளிகளின் கைகளைச் சீராக்கும் அறுவை மருத்துவத்தில் உலகப் பெயர் பெற்ற பால் பிராண்ட் அவருடைய மகன். 1914-இல் அந்த மலையில் பிறந்தவர். இவ்வளவு பெருமை இருந்தும் அம்மரபில் ஒவ்வொரு சபையும் தனக்குத்தானே ராஜா என்பதால் மேலே சினாடு இல்லை. சினாடு இல்லையென்றால் அங்கே பிரதிநிதிகளுக்குக் கொடுக்கும் பை இல்லை. பை இல்லாத ஆயரை இந்த ஆய்வு எட்ட முடியாது. 1919-இல் உருவான தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபைக்குச் சினாடு உண்டு என்றாலும் அது தமிழ் பேசும் சினாடு. பக்கத்து நாற்காலிக்காரர் பேசுவது முழுவதும் புரிந்துவிடும் இடத்தில் ஆராய்வதற்கு அதிகமில்லை.

மரபுப் பின்னணி

இந்த வகை ஆயரின் நடத்தையைப் புரிந்துகொள்ள அவருடைய சபையின் பூர்வீகத்தைக் கொஞ்சம் தோண்ட வேண்டும். லண்டன் மிஷன் என்று பழைய ஆட்கள் சொல்லும் லண்டன் மிஷனரி சங்கம் 1827-இல் ஹென்றி கிரிஸ்ப் வழியாகச் சேலத்தில் வேலையைத் தொடங்கியது. அது காங்கிரிகேஷனல் மரபு. அம்மரபில் பேராயர் கிடையாது; சபை கூடி முடிவெடுக்கும், ஆயர் அதைக் கேட்டு நடப்பார். சேலத்திலேயே ஹஸ்தம்பட்டியில், சென்னையில் பல பெருங்கட்டடங்களை எழுப்பிய ராபர்ட் சிஷோம் வரைந்து கொடுத்த கிறிஸ்து நாதர் ஆலயம் ஆங்கிலிக்கன் மரபில் நின்றது. அங்கே பேராயர் இல்லாமல் எதுவும் அசையாது. ஒரே ஊரில் சில மைல் இடைவெளியில் இரண்டு அரசியல் சாசனங்கள்.

1908-இல் காங்கிரிகேஷனல் சபைகளும் பிரெஸ்பிட்டீரியன் சபைகளும் சேர்ந்து தென்னிந்திய ஐக்கிய சபை ஆயின. 1919 மே மாதம் தரங்கம்பாடியில், தோர்ணக்கல் பேராயர் வே. ச. அசரியா, வேதநாயகம் சந்தியாகு முதலானோர் கூடி, இனி ஆங்கிலிக்கரும் ஐக்கிய சபையாரும் ஒன்றாக வேண்டும் என்று அறிக்கை விட்டார்கள். மெதடிஸ்துகளும் பின்னர் பேச்சில் சேர்ந்தார்கள். பேராயர் வேண்டுமா, வேண்டாமா, வேண்டும் என்றால் எவ்வளவு வேண்டும் என்று பேசி முடிக்க 1947 செப்டம்பர் 27 ஆகிவிட்டது. நாடு விடுதலை பெற்று ஆறு வாரம் கழிந்து, சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. அடுத்த ஆண்டு மதுரையில் முதல் சினாடு கூடியது. சேலம் பகுதி 1950-இல் அமைந்த கோயமுத்தூர் திருமண்டலத்தில் சேர்ந்தது. பக்தி மார்க்கத்தின் வழியே கிறிஸ்தவத்தை விளக்கிய ஏ. ஜே. அப்பாசாமி அதன் முதல் பேராயர்.

பேராயரை ஏற்றுக்கொண்டார்கள் என்பதற்காகப் பழைய குணம் போய்விடவில்லை. சபைக் கமிட்டி கூட்டத்தில் ஆயரின் பயணச் செலவு எடுக்கப்படும்போது உறுப்பினர் முகங்களில் தோன்றும் உறுதியை வேறு எந்த வரலாற்றுக் காரணத்தாலும் விளக்க முடியாது. 1827-இல் விதைத்தது அது.

பருவம்

சினாடு பெரும்பாலும் ஜனவரியில் கூடும். ஆயரின் உடல்நிலையை அறியாத ஒருவர் வகுத்த காலம் என்றே கொள்ள வேண்டும். டிசம்பர் முழுவதும் அவர் கேரல் குழுவோடு வீடு வீடாகப் போய், போன வீடெல்லாம் கேக்கும் முறுக்கும் தின்று, தொண்டை கட்டி, கிறிஸ்துமஸ் விடியற்கால ஆராதனையை முடித்து, 31-ஆம் தேதி நள்ளிரவு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டைகளை ஒவ்வொருவர் கையிலும் கொடுத்து, முதல் ஞாயிறு உடன்படிக்கை ஆராதனையையும் நடத்தியிருப்பார். கிளைச்சபைகள் நான்கைந்து இருந்தால் இவ்வளவையும் டூ வீலரில் ஓடி ஓடிச் செய்திருப்பார். சினாடு மண்டபத்தில் முதல் நாள் பிற்பகல் அறிக்கை வாசிக்கையில் பின்வரிசைகளில் தலைகள் முன்னும் பின்னும் ஆடுவது தியானத்தால் என்று சிலர் கருதுகிறார்கள். மேற்சொன்ன நாட்குறிப்பைப் பார்த்தவர்களுக்கு வேறு கருத்து உண்டு.

பொங்கலும் அதே மாதத்தில் வருகிறது. சமவெளிச் சபைகளில் விவசாயிகளும் கூலிக்காரர்களும் லாரிக்காரர்களும் அதிகம். பொங்கலுக்குப் பிள்ளைகள் ஊருக்கு வரும் நேரத்தில் கல்யாணப் பேச்சு, வீட்டுப் பிரதிஷ்டை, சமாதான ஜெபம் என்று ஆயரைத் தேடுவார்கள். "சினாடுக்குப் போறேனுங்க" என்று அவர் சொல்லும்போது, "போய்ட்டு வாங்க ஐயா, நாங்க உபதேசியார வச்சுப் பாத்துக்கறோம்" என்று பதில் வரும். இந்தப் பதிலில் உள்ள வருத்தத்தையும் நிம்மதியையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க இதுவரை வழியில்லை.

புறப்பாடு

பெட்டி ஒன்று, கைப்பை ஒன்று, அங்கி தனியாக ஒரு உறையில். இவை நிலையானவை. மாறுபடும் உருப்படி பலகாரப் பொட்டலம். சேலத்து ஆயர் என்றால் தட்டுவடை உறுதி. கடைத்தெருவில் இரண்டு தட்டுவடைகளுக்கு நடுவே பீட்ரூட், கேரட், வெங்காயம், சட்னி வைத்துத் தரும் தட்டுவடை செட்டை ரயிலில் கொண்டுபோக முடியாது. ஆகவே வெறும் தட்டுவடை. ராசிபுரம் பக்கத்து ஆயர் நெய்யில் செய்த ஏதாவது ஒன்றைக் கொண்டுவருவார். இவற்றைக் கட்டிக் கொடுப்பவர் ஆயரம்மா. அறைத் தோழர்களுக்குக் கொடுக்கச் சொல்லித்தான் கொடுக்கிறார். அளவும் அதற்கேற்றதாகத்தான் இருக்கும். எவ்வளவு ஜோலார்பேட்டையைத் தாண்டுகிறது என்பது உடன் பயணம் செய்யும் ஆயர்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது.

நாமக்கல் ஆயருக்குச் சொந்த ஊரில் ரயில் ஏறும் வசதி 2013-இல்தான் வந்தது. சேலம் - கரூர் பாதை அந்த ஆண்டு திறக்கப்பட்டது. ஆனாலும் பழக்கம் விடவில்லை. பஸ் ஏறிச் சேலம் வந்து, சூரமங்கலத்தில் இறங்கி, ஜங்ஷனில் நின்றால்தான் பயணம் புறப்பட்ட மாதிரி இருக்கும். இந்த ஜங்ஷன் நள்ளிரவில்தான் முழு உருவம் எடுக்கிறது. கேரளத்துக்குப் போகும் வண்டிகளும் கேரளத்திலிருந்து வரும் வண்டிகளும் அந்நேரத்தில்தான் வரிசையாக வரும். நடைமேடையில் வெள்ளைக் காலர் தெரிய ஓர் ஆயர் நிற்பதைக் கண்டால் டிக்கெட் பரிசோதகர் முதல் இட்லிப் பொட்டலம் விற்பவர் வரை எல்லாரும் மரியாதையாக ஒதுங்குவார்கள். அவருக்குக் கீழ்ப்படுக்கையை மட்டும் யாரும் விட்டுத் தர மாட்டார்கள்.

பை

இந்த ஆய்வின் மையப் பொருள் இதுவே. பதிவு மேசையில் பெயரைச் சொல்லிக் கையெழுத்திட்டவுடன் கையில் வருவது பை. பிரதிநிதி ஆனதற்கான சான்று திருமண்டல அலுவலகக் கடிதத்தில் இருக்கிறது. அதை எவரும் நம்புவதற்கு அந்தப் பைதான் வேண்டும்.

பையின் பரிணாமம் தெளிவானது. ஆதிகாலத்தில் ரெக்சின் பை. பக்கவாட்டில் ஜிப், மேலே கைப்பிடி, இரண்டாம் நாள் ஜிப் பிய்ந்துவிடும். பிறகு சுற்றுச்சூழல் பற்றிய தீர்மானங்கள் நிறைவேறத் தொடங்கிய காலத்தில் சணல் பை வந்தது. அது உறுதியானது, ஆனால் வெள்ளை ஜிப்பாவின் இடுப்புப் பக்கம் பழுப்பு நூல்களை ஒட்டிவிடும். இப்போது லேப்டாப் பை, முதுகுப் பை என்று வந்திருக்கிறது. லேப்டாப் இல்லாத ஆயர்களும் அதன் உள்ளறையில் மாற்றுத் துண்டையும் மாத்திரை டப்பாவையும் வைத்து அறையை வீணாக்காமல் பார்த்துக்கொள்கிறார்கள். பையின் முகப்பில் தாமரைமேல் சிலுவை, அதற்குக் கீழே அந்த ஆண்டின் மையக் கருத்து, அதற்கும் கீழே இடம், தேதி. மையக் கருத்தில் பெரும்பாலும் நீதி, சமாதானம், சிருஷ்டிப்பு, ஒருமைப்பாடு ஆகியவற்றுள் இரண்டேனும் இடம்பெறும்.

உள்ளே இருப்பவை: நிகழ்ச்சி நிரல், சென்ற கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு, கணக்கறிக்கை, துறைவாரி அறிக்கைகள் சேர்ந்த கனமான புத்தகம், வேதபாடக் குறிப்பு, ஆராதனை முறைமை, எழுதுகோல், குறிப்பேடு, இறையியல் கல்லூரி ஒன்றின் துண்டறிக்கை, காலண்டர், சாப்பாட்டுக் கூப்பன்கள். இவற்றுள் ஆயர் முதலில் தேடி எடுப்பது எது என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. கூப்பன் தாளைப் புள்ளிக் கோட்டில் மடித்து, காலை, மதியம், இரவு என்று வரிசை பார்த்து, சட்டைப்பையில் வைத்தபின்தான் கணக்கறிக்கையின் பக்கம் கை போகும். அறிக்கைப் புத்தகத்தைப் பொறுத்தவரை, தன் திருமண்டலத்தின் பக்கத்தைத் திறந்து அச்சுப்பிழை இருக்கிறதா என்று பார்ப்பதோடு வாசிப்பு நிறைவு பெறும். இருக்கும்.

பைக்கு இன்னொரு குணம் உண்டு: ஒன்று போதாது. வீட்டில் ஒரு மகளும் ஒரு மகனும் இருந்தால் ஒரு பையைக் கொண்டுபோவது சச்சரவுக்கு வழி. ஆயரம்மாவுக்கு வேண்டும். உபதேசியார் வாய் திறந்து கேட்கவில்லை என்றாலும் எதிர்பார்ப்பார். ஆகவே கடைசி நாள் மதியம் பதிவு மேசைப் பக்கம் ஆயர்களின் நடமாட்டம் கூடுகிறது. "மிச்சம் ஏதாவது இருக்குங்களா தம்பி" என்ற கேள்வி ஐந்து மொழிகளில் கேட்கப்படுகிறது. மேசையில் இருக்கும் இளைஞர் பெரும்பாலும் விருந்தளிக்கும் திருமண்டலத்து வாலிபர் சங்கத்தைச் சேர்ந்தவர். முதல் நாளே அனுபவஸ்தர்கள் வந்து சொல்லி வைத்துவிட்டுப் போனதை அவர் புதுமுகத்திடம் சொல்லிக்கொண்டிருக்க மாட்டார்.

அடையாள அட்டை

கழுத்தில் தொங்கும் அட்டையில் பெயரும் திருமண்டலமும் இருக்கும். கோயமுத்தூர் என்று போட்டிருந்தாலும் பேச்சு ஒரு நிமிடத்தில் சொந்த ஊருக்கு வந்துவிடும். சேலம் என்றால், "மாம்பழம் கொண்டு வரலையா?" என்று கேட்பார்கள். மல்கோவா ஜனவரியில் பூத்துக்கூட முடித்திருக்காது என்று விளக்கும் கடமை ஒவ்வொரு சினாடிலும் சேலத்து ஆயருக்கு உண்டு. ஆனால் மலையாள ஆயர்களிடம் அவர் கையில் ஒரு துருப்புச்சீட்டு இருக்கிறது. மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்' 1938-இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்தது. இதைச் சொன்னவுடன் எதிரே இருப்பவர் கொஞ்சம் அமைதியாவார். பிறகு தமிழ்ப் படங்களைப் பற்றித் தமிழிலேயே பேசத் தொடங்குவார்.

நாமக்கல் என்றால் கேள்வி முட்டையைப் பற்றியது. நாமக்கல் மண்டலத்தில் அன்றன்று முட்டை விலை அறிவிக்கப்படுவது நாடறிந்தது. அந்த விலையை ஆயர் அறிந்திருப்பார் என்று எல்லாரும் நம்புகிறார்கள். வியப்பு என்னவென்றால், அவரும் அறிந்திருக்கிறார். சபையில் கோழிப்பண்ணைக்காரர் இருவராவது இருப்பார்கள், விலை இறங்கினால் காணிக்கையும் இறங்கும். ஆந்திரத்து ஆயர் யாராவது அருகில் இருந்தால் விவாதம் சூடு பிடிக்கும். முட்டை உற்பத்தியில் ஆந்திரமும் தமிழ்நாடும் முன்வரிசை மாநிலங்கள். இருவரும் காலைச் சிற்றுண்டியில் அவித்த முட்டையைக் கையில் உருட்டி, அளவையும் ஓட்டின் கெட்டியையும் பார்த்து, அது எந்த ஊர் முட்டை என்று தீர்ப்புச் சொல்வார்கள். ஒருமித்த தீர்ப்பு வந்ததில்லை. லாரி, ரிக் வண்டி, 18 அடி ஆஞ்சநேயர் ஆகியவை அடுத்தடுத்த தலைப்புகள். ஆஞ்சநேயரைப் பற்றிப் பெருமை பொங்கச் சொல்லும் ஆயரை இந்தச் சமவெளியில் மட்டும்தான் பார்க்க முடியும்.

மொழியும் இருக்கையும்

சினாடின் அலுவல் மொழி ஆங்கிலம். நான்கு மாநில மொழிகளும் ஒன்றையொன்று தொந்தரவு செய்யாதிருக்க ஐந்தாவது ஒன்று தேவைப்பட்டது. அதில் சரளமாகப் பேசுபவர்கள் ஒலிவாங்கிக்கு அருகிலும், புரிந்துகொள்பவர்கள் நடுவிலும், தாளில் அச்சிட்டதைப் பார்த்துக் கையுயர்த்துபவர்கள் கடைசியிலும் அமர்கிறார்கள். சமவெளி வகை ஆயர் நடுவில் இடம்பிடித்து, இரண்டாம் நாள் கடைசிக்கு நகர்கிறார். காரணம் மொழி மட்டும் அன்று. கைப்பேசியை சார்ஜ் போடும் பிளக் பாயிண்ட் பின்சுவரில் இருக்கிறது.

அவர் எழுந்து பேசுவது அரிது. பேச வேண்டியதை முதல் நாள் இரவே எழுதி, ஆங்கிலத்தில் சரிபார்த்து, காலையில் ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்து வைத்திருப்பார். "பாயிண்ட் ஆஃப் ஆர்டர்" என்று கையைத் தூக்கும் நேரத்தில் தேநீர் இடைவேளை அறிவிக்கப்படும். திரும்பி வரும்போது பொருள் மாறியிருக்கும்.

பந்தி

1947-இல் ஆங்கிலிக்கரையும் மெதடிஸ்துகளையும் காங்கிரிகேஷனல்காரர்களையும் ஒரே திருச்சபை ஆக்கியவர்கள், புழுங்கலரிசி, மட்டையரிசி, சோனா மசூரி என்ற முப்பிரிவைத் தொடவே இல்லை. அந்த வேலை பந்திக்கு விடப்பட்டது. கேரளத்தில் சினாடு நடந்தால் சிவந்து பருத்த மட்டையரிசியைப் பார்த்து தெலுங்கு ஆயர்கள் ஒரு கரண்டியோடு நிறுத்திக்கொள்வார்கள். ஆந்திரத்தில் நடந்தால் கோங்குரா பச்சடியின் காரத்தில் மலையாள ஆயர்களின் கண்கள் நனையும். கர்நாடகத்தில் ராகி முத்தே வந்தால் எல்லாருக்கும் ஒருசேரத் திகைப்பு. சேலத்து ஆயருக்கு மட்டும் அது களி. அவர் அதை மெல்லாமல் விழுங்கும் முறையை அருகில் இருப்பவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பார். தமிழ்நாட்டில் நடந்தால் சாம்பார் சரியில்லை என்று தமிழர்களே முதலில் சொல்வார்கள்.

வரிசையில் நிற்கும் முறையும் கவனிக்கத்தக்கது. பேராயர்களுக்குத் தனி அறையில் பரிமாறும் இடங்கள் உண்டு. அவர்களே தட்டெடுத்து வரிசையில் வரும் இடங்களும் உண்டு. இரண்டாவது வகையில், தனக்கு முன்னால் ஊதா நிற அங்கி நிற்பதைக் கண்ட ஆயர் இன்னும் கொஞ்சம் கறி கேட்கக் கூச்சப்பட்டுக் கடந்துவிடுவார். பின்னர் ஊதா நிறம் கண்ணுக்கு மறைந்ததும் மறுபடி வரிசையின் தொடக்கத்துக்குப் போவார். கூப்பனைக் கிழித்து வாங்கும் தன்னார்வலர் இதை அறிந்திருப்பார். பேசாமல் இருப்பார், அவரும் ஓர் ஆயரின் மகனாக இருக்கலாம்.

பாட்டும் சமாதானமும்

இங்கே கேலியைக் கொஞ்சம் தள்ளி வைக்க வேண்டியிருக்கிறது. தொடக்க ஆராதனையில் ஒரே ராகத்தை ஒவ்வொருவரும் தத்தம் மொழியில் பாடுவார்கள். 1551-இல் ஜெனீவா சங்கீதப் புத்தகத்தில் வந்த 'ஓல்ட் ஹண்ட்ரெட்' போன்ற ராகங்கள் இதற்கு ஏற்றவை. தமிழ்ப் பாமாலைக்காரரும் தெலுங்குக்காரரும் அதைக் கேட்டவுடன் எழுந்துவிடுவார்கள். ஐந்து மொழிச் சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுவதால் ஒரு வரியும் கேட்பவருக்குப் புரியாது. கடைசி அசையை எல்லாரும் ஒன்றாகப் பிடித்து நிறுத்துவார்கள். தமிழர்கள் தனியாக ஒன்று பாட வேண்டும் என்று அழைத்தால் கைத்தாளத்தோடு ஒரு கீர்த்தனை கிளம்பும். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் 1864-இல் இறந்தார். அவருடைய பாட்டு இன்னும் பிரதிநிதியாகப் போய்வருகிறது.

திருவிருந்து ஆராதனையில் சமாதானம் பகிரும் முறை தென்னிந்தியத் திருச்சபை உலகத் திருச்சபைகளுக்குக் கொடுத்த கொடை. 1950-இல் வெளியான அதன் திருவிருந்து முறைமை, ஏட்டில் இருந்த பழைய வழக்கத்தைச் சுரியானி மரபைப் பார்த்து மீண்டும் சபையார் கைக்குக் கொண்டுவந்தது. கொடுப்பவரின் வலது உள்ளங்கை பெறுபவரின் வலது உள்ளங்கையோடு பொருந்தும். இருவரின் இடக்கைகளும் மேலே வந்து மூடும். பெரிய மண்டபத்தில் இது வரிசை வரிசையாகப் பின்னோக்கி வரும். முதல் நாள் மாலை கமிட்டித் தேர்தலில் ஒருவரையொருவர் தோற்கடிக்க அறை அறையாகப் போய்வந்த இருவர் அடுத்தடுத்த நாற்காலியில் அமர்ந்திருந்தால் தப்ப வழியில்லை. நான்கு கைகள் தேவைப்படும் முறை என்பதால் ஒரு கையால் ஒப்புக்குச் செய்துவிட்டுப் போகவும் முடியாது. இம்முறையை வகுத்தவர்கள் சினாடுகளைப் பற்றி ஏதோ அறிந்தவர்கள்.

விடுதி அறை

மண்டபத்தில் நடப்பது பதிவுக்கு. அறையில் நடப்பதே சினாடு. இதுதான் இந்த ஆய்வு நிறுவ விரும்பும் கோட்பாடு. அறையில் மூன்று கட்டில், நான்கு ஆயர், ஒரு வாளி. மதுரை அரசரடியில் ஒன்றாக இறையியல் படித்தவர்கள், 1910-இல் தொடங்கிய பெங்களூரு ஐக்கிய இறையியல் கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்கள் என்று பழைய கூட்டாளிகள் மற்ற அறைகளிலிருந்தும் வந்து சேர்வார்கள். எந்த மொழிக்காரர் வந்தாலும் கல்லூரியில் வைத்த பட்டப்பெயரால்தான் அழைப்பார்கள். பகலில் 'ரெவரெண்ட் டாக்டர்' என்று அறிவிக்கப்பட்டவர் இரவில் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து தட்டுவடை கேட்பார்.

பேச்சின் வரிசை எல்லா அறைகளிலும் ஏறக்குறைய ஒன்றே. முதலில் மாற்றம்: யாருக்கு எங்கே, யாருக்கு இன்னும் வரவில்லை. பிறகு ஓய்வூதியம். அதற்குப் பிறகு பிள்ளைகளின் படிப்பு. எந்தத் திருமண்டலத்து நர்சிங் கல்லூரியில் இடம் கிடைக்கும், யாரைப் பார்க்க வேண்டும். பின்னர் சர்க்கரை, இரத்த அழுத்தம், மாத்திரைப் பெயர்கள். நள்ளிரவு தாண்டினால் இறையியல். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஆயர் ஒருவர் அறையில் இருந்தால் இந்த வரிசை குலையும். அவர் மாற்றத்தையும் ஓய்வூதியத்தையும் பற்றிக் கேட்டுக்கொண்டிருப்பார்; அவர் சொல்லத் தொடங்கும்போது மற்றவர்கள் கேட்பார்கள், மாத்திரைப் பேச்சு அன்று வராது.

தீர்மானங்கள்

நிறைவேறும்.

திரும்புகை

ஊர் திரும்பிய ஞாயிறு அறிவிப்புகளின் நடுவே ஆயர் சினாடு பற்றிப் பேசுவார். "சினாடு ஆண்டவருடைய கிருபையால் நல்லபடியாக நடந்து முடிந்தது" என்பது அறிக்கையின் சாரம். ஆராதனை முடிந்து வாசலில் கைகுலுக்கும்போது உண்மையான கேள்விகள் வரும். "சாப்பாடெல்லாம் எப்படிங்க ஐயா?" என்பது முதல் கேள்வி. "நம்ம பழைய ஐயருங்களப் பாத்தீங்களா?" என்பது இரண்டாவது, முன்பு இந்தச் சபையில் இருந்து மாறிப்போனவரைக் குறிக்கும். அவரைப் பற்றி விசாரிக்கும் குரலில் இருக்கும் கனிவு, இப்போது இருக்கும் ஆயரைக் கொஞ்சம் வருத்தும். தானும் மாறிப்போனபின் தன்னைப் பற்றியும் இப்படித்தான் கேட்பார்கள் என்று அவர் அறிந்திருந்தால் நல்லது.

பைகளின் பிற்கால வாழ்வு இரு கிளைகளாகப் பிரியும். நல்ல பை, கிளைச்சபைக்குப் போகும்போது அங்கியும் திருவிருந்துப் பாத்திரங்களும் வைக்க ஆயரின் வண்டியில் ஏறும். இரண்டாவது பை சமையலறைக் கதவின் பின் ஆணியில் தொங்கி, ரேஷன் கடைக்கும் சந்தைக்கும் போய்வரும். மூன்றாவது உபதேசியாரிடம் சேர்ந்தால் அதுதான் நீண்ட ஆயுள் உள்ளது. இரண்டு சினாடுகளுக்கு முந்தைய மையக் கருத்து, எழுத்துகள் பாதி உதிர்ந்த நிலையில், இன்னும் ஊர் ஊராகச் சைக்கிளில் போய்க்கொண்டிருப்பதைக் காணலாம். அறிக்கைப் புத்தகம் பீரோவின் மேல் ஏறும், இறங்காது.

கடைசியாகச் செலவுக் கணக்கு. திருமண்டலம் கொடுத்த பயணப்படி போக மிச்சச் செலவு சபைக் கமிட்டிக்கு வரும். பொருளாளர் லாரி வைத்திருப்பவராக இருப்பது நாமக்கல் பக்கம் சாதாரணம். டிரைவர்களின் டிரிப் கணக்கைப் பார்த்துப் பழகிய கண் அது. எந்த ஊருக்கு எத்தனை கிலோமீட்டர், எங்கே டோல், எங்கே சாப்பாடு மலிவு என்பதை அவர் வரைபடம் பார்க்காமல் சொல்வார். "ஸ்லீப்பர்ல போயிருக்கலாமுங்களே ஐயா" என்று மரியாதையாகத் தொடங்குவார். ஆயர் தம் முதுகுவலியைப் பற்றி மரியாதையாகப் பதில் சொல்வார். செயலர் குறித்துக்கொள்வார். மூத்த உறுப்பினர் ஒருவர், அந்தக் காலத்து ஐயர்கள் மாட்டுவண்டியில் போனதை நினைவுபடுத்துவார். ரயில் கட்டணம் ஏகமனதாக ஏற்கப்படும். உணவு, சினாடே கொடுத்ததால், நீக்கப்படும். ரசீது இல்லாத ஆட்டோக் கட்டணம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்படும்.